லிப்டன் என்ற பெயரும் நம்முடைய பெயர்களும்

பூனாகலையிலிருந்தும் கொஸ்லந்தையிலிருந்தும் மாக்கல்தெனியவிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தாய்மாரே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் மாணவச் செல்வங்களே!

நான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு பெயரைப் பற்றி. உலகம் முழுவதும் தெரிந்த பெயர். நம் மலைக்கு நேர் மேலே இருக்கும் பெயர். லிப்டன் என்ற பெயர். அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் யார் யார்? அந்தப் பெயர் எப்படி நிலைத்தது? அதே மலையில் நூறு வருடங்களுக்கு மேலாகக் கொழுந்து பறித்த நம்முடைய பெயர்கள் ஏன் நிலைக்கவில்லை? இந்த மூன்று கேள்விகளுக்கும் இன்று விடை தேடுவோம். விடை கிடைத்த பிறகு நாம் செய்யவேண்டிய வேலையையும் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தோட்டத்துக்குப் போகிற பாதை உங்களுக்குத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி மலை உச்சிவரை ஏறினால் லிப்டன் சீட். வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் விடியற்காலையில் அங்கே போய் நிற்கிறார்கள். லிப்டன் துரை உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் என்று வழிகாட்டி சொல்கிறார். அங்கே லிப்டனுக்குச் சிலையும் இருக்கிறது. யார் இந்த லிப்டன்?

தோமஸ் லிப்டனின் பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். சிறு நிலத்தில் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். 1840களில் அந்த நாட்டில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. பிழைக்க வழியில்லாமல் ஊரைவிட்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் போனார்கள். அங்கேதான் தோமஸ் பிறந்தார். உறவுகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பஞ்சத்துக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பிய குடும்பத்தின் பிள்ளை அவர். நம் பாட்டன்மார் எப்படி வந்தார்கள்? இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும், பஞ்சம் துரத்த, கங்காணியின் பின்னால் நடந்து வந்தார்கள். அவரும் பஞ்சத்தின் பிள்ளை. நாமும் பஞ்சத்தின் பிள்ளைகள். தொடக்கம் ஒன்றுதான்.

லிப்டன் சிறு வயதிலேயே கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தார், நெல் வயலில் வேலை செய்தார், நியூயோர்க்கில் மளிகைக் கடையில் வேலை செய்தார். கடையைப் பார்க்க வருகிறவன் எப்படி வாடிக்கையாளனாக மாறுகிறான் என்பதை அங்கே கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி 1871இல் கிளாஸ்கோவில் தன் பெயரிலேயே ஒரு கடை திறந்தார். ஒரு கடை பல கடைகளாகி, பிரித்தானியா முழுவதும் அவர் பெயர் பலகைகளில் ஏறியது. 1890இல் இலங்கைக்கு வந்தார்.

அவர் வந்த காலம் எப்படிப்பட்டது? 1869இல் தொடங்கிய கோப்பி இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்திருந்தது. துரைமார் கடனில் மூழ்கியிருந்தார்கள். தோட்டங்கள் மலிந்து கிடந்தன. லிப்டன் நம் ஊவாவில் தம்பேதன்னையையும் அதை ஒட்டிய தோட்டங்களையும் வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் தோட்டத்துத் தேயிலையைத் தன் கடைக்கே கொண்டுபோனார். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற தேயிலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பொட்டலத்தின் மேல் தன் பெயரை அச்சிட்டார். ஏழையும் வாங்கக்கூடிய விலையில் விற்றார். அந்தப் பொட்டலம் போன இடமெல்லாம் பெயர் போனது.

அமெரிக்காவில் அவர் பெயர் பரவிய கதை இன்னும் சுவையானது. அமெரிக்கக் கோப்பை என்று ஒரு பாய்மரப் படகுப் பந்தயம் உண்டு. அதில் வெல்ல லிப்டன் ஷாம்ரொக் என்ற பெயரில் படகு கட்டினார். 1899இல் தோற்றார். 1901இல் தோற்றார். 1903இல் தோற்றார். 1920இலும் தோற்றார். 1930இலும் தோற்றார். ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றவரை அமெரிக்க மக்கள் நேசித்தார்கள். தங்களுக்குள் பணம் சேர்த்து அவருக்கென்று தனியாக ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். பந்தயத்தில் தோற்ற பெயர் வீட்டு அலமாரியில் வென்றது.

1931இல் லிப்டன் இறந்தார். தான் கலியாணமாகாதவர் என்றே அவர் சொல்லிவந்தார். பெயர் சொல்ல வாரிசு இல்லை. செல்வத்தின் பெரும்பகுதியைத் தான் பிறந்த கிளாஸ்கோ நகரத்துக்கே எழுதிவைத்தார். பிறகு அந்தப் பெயர் என்ன ஆனது? 1938இல் அமெரிக்க, கனடா வியாபாரத்தை யூனிலீவர் கம்பனி வாங்கியது. 1972க்குள் முழுவதையும் வாங்கிக்கொண்டது. 2022இல் யூனிலீவர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பங்கை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. விற்கப்பட்ட அந்தத் தேயிலைக் கம்பனி பிறகு லிப்டன் என்றே பெயர் வைத்துக்கொண்டது. லிப்டனின் இரத்தம் அந்தக் கம்பனியில் ஒரு துளியும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. கை மாறி, கண்டம் மாறி, இன்னும் இருக்கிறது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே லிப்டன் என்ற குடும்பப்பெயர் பலருக்கு உண்டு. தேயிலைத் துரைக்கும் அவர்களுக்கும் சொந்தபந்தம் கிடையாது. அவர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள்.

லோரன்ஸ் லிப்டன் போலந்து நாட்டின் வூச் நகரத்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்து, எழுத்தாளர் ஆனவர். 1950களின் கலகக்கார இளைஞர்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1959இல் வந்து பெயர் பெற்றது. அவருடைய மகன் ஜேம்ஸ் லிப்டன். நடிகர்களை மாணவர்கள் முன்னால் உட்காரவைத்து அவர்கள் கலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 1994இல் தொடங்கி, இருபது வருடங்களுக்கு மேல் நடத்தினார். பெக்கி லிப்டன் ஒரு நடிகை. இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸைக் கலியாணம் செய்தவர். சீமோர் லிப்டன் பல்வைத்தியம் படித்தவர். உலோகத்தில் சிற்பம் செய்து புகழ் பெற்றார். லென்னி லிப்டன் மாணவராக இருந்தபோது எழுதிய ஒரு கவிதை, ஒரு மாய டிராகனைப் பற்றிய பாட்டாகி, 1963இல் அமெரிக்கக் குழந்தைகளின் வாயெல்லாம் ஒலித்தது. அதே மனிதர் பின்னாளில் முப்பரிமாணத் திரைப்படத் தொழில்நுட்பத்தின் முன்னோடி ஆனார். மார்ட்டின் லிப்டன் ஒரு சட்டத்தரணி. 1965இல் நியூயோர்க்கில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய சட்ட நிறுவனத்தில் அவர் பெயர் நிற்கிறது. ஒரு கம்பனியை இன்னொரு கம்பனி விழுங்கவரும்போது தடுக்கும் ஒரு சட்ட உத்தியை 1982இல் வகுத்தவர் அவர்.

எழுத்தாளர், தொலைக்காட்சியாளர், நடிகை, சிற்பி, பாட்டெழுதியவர், சட்டத்தரணி, தேயிலைக் கம்பனி. ஒரே பெயர். இத்தனை பேரையும் நான் ஏன் உங்கள் முன்னால் வரிசையாக நிறுத்தினேன்? ஒன்றைக் காட்டத்தான். ஒரு பெயர் நிலைப்பதற்கு இரத்தம் தேவையில்லை. வாரிசு இல்லாத மனிதரின் பெயர் நூறு நாடுகளில் இருக்கிறது. சொந்தம் இல்லாதவர்கள் ஒரே பெயரைத் தாங்கி ஆளுக்கொரு துறையில் புகழ் சேர்த்தார்கள். அப்படியானால் பெயரை எது தாங்குகிறது? எழுத்து தாங்குகிறது. பொட்டலத்தில் எழுதினார்கள், பத்திரத்தில் எழுதினார்கள், புத்தகத்தின் அட்டையில் எழுதினார்கள், நிறுவனத்தின் வாசலில் எழுதினார்கள். எழுதிய பெயர் நிற்கும்.

எதிர்ச்சாட்சி வேண்டுமா? ஜேம்ஸ் டெய்லரைப் பாருங்கள். டெய்லர் என்பதும் அமெரிக்காவில் மிகப் பரவலான குடும்பப்பெயர். அங்கே ஒரு ஜனாதிபதிக்கு அந்தப் பெயர். ஹொலிவூட்டின் எலிசபெத் டெய்லருக்கு அந்தப் பெயர். ஜேம்ஸ் டெய்லர் என்றே புகழ்பெற்ற ஒரு பாடகர் உண்டு. நம் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இந்த நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்டவர் அவர்தான். லிப்டன் இங்கே வருவதற்கு இருபது வருடங்களுக்கு மேலே முந்தியவர். 1892இல் அவர் இறந்தபோது தொழிலாளர்கள் அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்து கண்டிக்கு நடந்தார்கள். ஆனால் டெய்லர் தேயிலை என்று உலகம் குடித்ததா? இல்லை. அவர் தேயிலையை நட்டார். பொட்டலத்தில் தன் பெயரை எழுதவில்லை. உழைத்தவன் பெயர் தானாக நிற்பதில்லை. ஒரு துரைக்கே அந்த நிலை என்றால், கூடை சுமந்தவர்களின் நிலையை நீங்களே நினைத்துப்பாருங்கள்.

இனி நம்மிடம் வருவோம்.

நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். அவ்வளவுதான். உலகமே அறிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். முத்தையா முரளிதரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட் எடுத்த ஒரே மனிதர். வெளிநாட்டுக்காரர்கள் முத்தையா என்பதை அவருடைய சொந்தப் பெயர் என்றும், முரளிதரன் என்பதைக் குடும்பப்பெயர் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். நமக்குத் தெரியும். முத்தையா அவருடைய அப்பா. அப்பாவின் பெயர் சின்னசாமி முத்தையா. சின்னசாமி யார்? தாத்தா. 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அவருடைய பெயர் பெரியசாமி சின்னசாமி. பெரியசாமியின் மகன் சின்னசாமி. சின்னசாமியின் மகன் முத்தையா. முத்தையாவின் மகன் முரளிதரன். முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தி முன்னேறினார். மகன் உலகை வென்றார். தோட்டத்துக்குக் கூலியாக வந்தவரின் பேரன் அவர். ஆனால் பெரியசாமி என்ற பெயர் இன்று எங்கே இருக்கிறது? மூன்றாம் தலைமுறையில் அது மறைந்துவிட்டது.

இது நம் முறை. அழகான முறை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தகப்பனை மட்டும் சுமக்கிறது; சாதியைச் சுமக்க வேண்டியதில்லை. இந்த முறையை மாற்றவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த முறையில் ஓர் ஆபத்து இருக்கிறது. எழுதிவைக்காவிட்டால் பாட்டனோடு கயிறு அறுந்துவிடும். அறுந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் 1948இல் கண்டோம்.

அந்த வருடத்துப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மிடம் என்ன கேட்டது? உன் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவன் என்று காட்டு. அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்று கேட்டது. லயத்துக் காம்பிராவில், மருத்துவச்சியின் கையில் பிறந்த பாட்டனுக்குச் சான்றிதழ் ஏது? பூட்டனின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது? தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறும் மக்களிடம் மூன்று தலைமுறையின் பெயரைக் காகிதத்தில் கேட்டார்கள். நம்மிடம் மலை இருந்தது, உழைப்பு இருந்தது, காய்த்துப்போன கை இருந்தது. காகிதம் இருக்கவில்லை. லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனோம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இந்திய, இலங்கை அரசுகளிடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. அந்தக் காகிதத்தில் நம்மில் யாருடைய பெயர் இருந்தது? எண்கள்தான் இருந்தன. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அண்ணனை ஒரு கணக்கிலும் தம்பியை இன்னொரு கணக்கிலும் எழுதினார்கள். இந்த ஊவாவின் எத்தனை குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறின என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களுக்குப் பிறகுதான் அந்தக் காயம் சட்டப்புத்தகத்தில் மூடியது.

எண்ணாகப் பார்க்கப்பட்டது நமக்குப் புதிதா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் தகரத் துண்டு கட்டினார்கள். அதில் தோட்டத்தின் இலக்கம் இருந்தது. வழியில் கேட்பவர்கள் ஆளின் பெயரைக் கேட்கத் தேவையில்லை. தகரத்தைப் பார்த்தால் போதும். தோட்டத்துக்கு வந்த பிறகோ, நம் பெயர் கூலிக் கணக்காயிற்று. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நிற்போம். கணக்கப்பிள்ளை பேர் போடுவார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. பொழுது சாய்ந்து வீடு வந்தவளிடம் கேட்கும் முதல் கேள்வி, இன்றைக்குப் பேர் விழுந்ததா என்பதுதான். செக்ரோல் புத்தகத்தில் நாள் தவறாமல் நம் பெயர் எழுதப்பட்டது. சம்பளக் கணக்கு முடிந்ததும் அந்தப் புத்தகத்தை மூடிவைத்தார்கள். அதற்கு மேல் நம் பெயரால் யாருக்கும் வேலை இருக்கவில்லை.

உறவுகளே, இங்கே நான் உங்களைச் சோர்வோடு விட்டுவிடப் போவதில்லை. ஏனென்றால் இதே ஊவாவிலிருந்து ஒரு மனிதர் எழுந்தார். பதுளைக்குப் பக்கத்தில் ஹாலி எல, அதற்குப் பக்கத்தில் ஊவாகட்டவளைத் தோட்டம். 1934இல் அங்கே பிறந்தவர் ஜோசப். படித்து ஆசிரியரானார். தெளிவத்தை என்ற தோட்டத்தில் படிப்பித்தார். எழுதத் தொடங்கியபோது தன் பெயருக்கு முன்னால் எதைப் போட்டார்? அந்தத் தோட்டத்தின் பெயரைப் போட்டார். தெளிவத்தை ஜோசப். காலங்கள் சாவதில்லை என்ற நாவலை எழுதினார். குடை நிழல் எழுதினார். லயத்து வாழ்க்கையைச் சிறுகதைகளில் எழுதினார். 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2022இல் மறைந்தார்.

இரண்டு மனிதர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிப்டன் தன் பெயரை மலைக்குக் கொடுத்தார். ஜோசப் மலையின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டார். லிப்டனின் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோனது மூலதனம். ஜோசப்பின் பெயரைக் கொண்டுபோனது பேனா. மூலதனம் நம்மிடம் இல்லை என்று சொல்லலாம். பேனா இல்லை என்று சொல்ல முடியுமா?

ஜோசப் மட்டுமா? மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை நம் தாய்மார் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். பாடியவளின் பெயர் போய்விட்டது; பாட்டாவது தங்கியது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பளம் கேட்டு நின்றவர்கள் மேல் பொலிஸ் சுட்டது. விழுந்தவரை இன்றும் முல்லோயா கோவிந்தன் என்கிறோம். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தின் மண்ணைக் காக்க நின்று உயிர்கொடுத்தவர் சிவனு லெட்சுமணன். சிவனு அவருடைய தகப்பன் பெயர். அவரைச் சொல்லும்போதெல்லாம் தகப்பனையும் சேர்த்துச் சொல்கிறோம். இந்தப் பெயர்கள் ஏன் நிற்கின்றன? துண்டுப்பிரசுரத்தில் எழுதினார்கள். கவிதையில் எழுதினார்கள். நினைவு நாளில் உரக்கச் சொன்னார்கள். எழுதிய பெயர் நிற்கும்.

நம் மலையகத்தில் குடும்பப்பெயராகவே நின்ற பெயரும் ஒன்று உண்டு. தொண்டமான். சௌமியமூர்த்தி தொண்டமான் 1947இல் பாராளுமன்றம் போனார், 1978இல் அமைச்சரானார். பேரன் ஆறுமுகன் அந்தப் பெயரோடு வந்தார். அவருக்குப் பின் மகன் ஜீவன் வந்தார். நம் ஊவா மாகாண சபையில் செந்தில் தொண்டமான் இருந்தார். தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அந்தப் பெயர். விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பெயர். கடலுக்கு அப்பால் 1948 வரை புதுக்கோட்டையை ஆண்ட மன்னர்களும் தொண்டைமான்கள். அவரவர் அரசியலை அவரவர் மதிப்பிடட்டும். நான் சொல்வது இதுதான்: ஒரு பெயர் தலைமுறை தாண்டினால் அதற்கு என்ன பலம் வருகிறது என்பதை நாமே கண்ணால் பார்த்திருக்கிறோம்.

தாய்மாரே, இப்போது உங்களிடம் வருகிறேன். தேயிலை விளம்பரத்தில் யார் படம் வருகிறது? உங்கள் படம். சுற்றுலாப் புத்தகத்தின் அட்டையில் யார்? நீங்கள். தலையில் துணி, முதுகில் கூடை, கையில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? கொழுந்து பறிக்கும் பெண் என்று எழுதியிருக்கிறது. பெயர் இல்லை. பொட்டலத்தில் ஒருவர் பெயர். படத்தில் இன்னொருவர் முகம். இந்த மலைகளில் கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் நீங்கள். பிறந்த வீட்டில் அப்பாவின் எழுத்து, புகுந்த வீட்டில் கணவனின் எழுத்து. உங்கள் தாயின் பெயரை எந்தக் காகிதத்தில் எழுதினீர்கள்? உங்கள் பாட்டியின் பெயரை உங்கள் பேத்திக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியவர் அவர் மனைவி மீனாட்சி அம்மாள். பாட்டைப் புத்தகமாக அச்சிட்டார். அதனால்தான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அச்சிடாத எத்தனை மீனாட்சிகள் இந்த மலையில் மறைந்தார்கள்!

இனி நான் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கும் கனமாக இருக்கிறது. கேட்க உங்களுக்கும் கனமாக இருக்கும். ஆனால் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்குப் பொருளே இல்லை.

2014 ஒக்டோபர் 29. காலை நேரம். தொடர்ந்து பெய்த மழையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் மீரியபெத்தை மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. கோயில் போனது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை, பெற்றோர் இருக்கவில்லை. அந்த மலை சரியும் என்று முன்பே தெரியாதா? தெரியும். 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மலையின் நிலை அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த மலையின் கீழே அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு பட்டியல் இருந்ததா? முதலில் சில நூறு பேர் என்றார்கள். பிறகு நூறு என்றார்கள். பிறகு இன்னும் குறைத்தார்கள். நாளுக்கு ஓர் எண்ணிக்கை வந்தது. பத்திரிகைகளில் வந்தது, தொலைக்காட்சிகளில் வந்தது, வெளிநாட்டுச் செய்திகளில் வந்தது. எண்ணிக்கை வந்தது, பெயர்கள் வரவில்லை. பலரின் உடல் இன்றும் அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

லிப்டன் சீட்டின் உச்சியில் நின்றால் இந்தப் பக்கத்து மலைகளெல்லாம் தெரியும். அங்கே வருகிறவர்களுக்கு லிப்டன் யார் என்று வழிகாட்டி சொல்வார். மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவர்கள் யார் யார் என்று சொல்ல வழிகாட்டிக்குத் தெரியாது. அது அவர் குற்றமா? நாம் எழுதிக் கொடுத்தோமா?

லிப்டனைத் திட்டுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. அவர் தன் பெயரை எழுதினார். அது அவருக்குச் சொந்தமான உரிமை. நாம் நம் பெயரை எழுத வேண்டும்; அது நமக்குச் சொந்தமான உரிமை. ஆகவே நான்கு வேண்டுகோளோடு என் பேச்சை முடிக்கிறேன்.

முதல் வேண்டுகோள் வீட்டுக்கு. ஒரு கொப்பி எடுங்கள். அதில் உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிமார் பெயர், அவர்கள் வேலை செய்த தோட்டம், கொழுந்து எடுத்த மலை, இந்தியாவில் எந்த ஊர் என்பதை எழுதுங்கள். தெரிந்ததை எழுதுங்கள். வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயரை விடாமல் எழுதுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் இளம் பெற்றோருக்கு. பிள்ளை பிறந்தால் பதிவாளர் எழுதிய பெயரை அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து, சேமலாப நிதிப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்து என்று இருந்தால், வயதான காலத்தில் தன் பணத்தைத் தானே எடுக்க அலைய வேண்டும். பிழை இருந்தால் அன்றைக்கே திருத்துங்கள். சத்தியக் கடதாசிக்குச் செலவழிக்கும் காசு மிஞ்சும்.

மூன்றாவது வேண்டுகோள் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும். வீடு கொடுத்தால் காணி உறுதியோடு கொடுங்கள். உறுதியில் குடியிருப்பவரின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமும் முகவரியும் கொடுங்கள். இன்றும் எத்தனை லயங்களுக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடக்கிறது? வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளையின் நேர்முகக் கடிதம் நாள் கடந்து கையில் கிடைத்தால் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்துக்கு யார் பொறுப்பு? தன் பெயரில் ஒரு துண்டு நிலமும் தன் பெயருக்கு ஒரு முகவரியும் இல்லாத மனிதனுக்குக் குடியுரிமை பாதிதான் கிடைத்திருக்கிறது.

நான்காவது வேண்டுகோள் இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும். மீரியபெத்தையில் போனவர்களின் பெயர்ப் பட்டியலைக் குடும்பம் குடும்பமாகப் போய்க் கேட்டு முழுமையாகச் சேருங்கள். குடும்பத்தாரின் சம்மதத்தோடு சேருங்கள். மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஒக்டோபர் 29 வரும்போதெல்லாம் ஒவ்வொரு பெயரையும் உரக்க வாசியுங்கள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு இனிமேல் எண்ணால் விடை சொல்லாதீர்கள், பெயரால் சொல்லுங்கள்.

தேயிலைக்கு ஒரு மனிதனின் பெயரை வைத்து உலகம் நூற்றாண்டுக்கு மேலாகக் குடிக்கிறது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களுக்கும் பெயர் உண்டு. அதை எழுதும் கடமை வேறு யாருக்கும் இல்லை, நமக்குத்தான். இன்று இரவே அந்தக் கொப்பியைத் திறந்து முதல் பெயரை எழுதுங்கள்.